படச் சீட்டும் கையொப்பப் பந்தும்

அரிய பொருள்களைத் தேடிச் சேர்த்து வைத்தல் மக்கட்கு இயல்பாக அமைந்த விருப்பங்களுள் ஒன்று. அஞ்சல் தலைகளைச் சேர்ப்பாரும், பழங்காசுகளைச் சேர்ப்பாரும், தீப்பெட்டிப் படங்களைச் சேர்ப்பாரும் எந்நாட்டினும் உளர். மாணவப் பருவத்தில் இவ்விருப்பம் மிகுதியாகத் தோன்றும். இதனை வீண்வேலை என்று கடிந்து விலக்குவோர் உண்டு. பிற்காலத்தில் பெரும்பொருள் தரும் வழி என்று ஊக்குவோரும் உண்டு. இவ்விரு கூற்றும் முழு உண்மை அல்ல என்பது என் கருத்து. சேர்த்தல் ஒருவனுக்குக் கல்வியாகவும் அமையலாம், பேராசையாகவும் முடியலாம். அஃது எப்பொழுது கல்வியாகும், எப்பொழுது பேராசையாகும் என்பதனை, அமெரிக்க நாட்டு மக்கள் பெரிதும் விரும்பிச் சேர்க்கும் இரு பொருள்களைக் கொண்டு ஆராய்வோம். ஒன்று, பேஸ்பால் ஆட்டக்காரரின் படம் பொறித்த பழஞ்சீட்டு. மற்றொன்று, அவ்வாட்டக்காரர் கையொப்பமிட்ட பந்து.

பேஸ்பால் என்பது மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படும் ஆட்டம். அணிக்கு ஒன்பதின்மராக இரண்டு அணிகள் ஆடும். ஒருவர் பந்தை எறிய, எதிரணியைச் சார்ந்த ஒருவர் உருண்ட மட்டையால் அதனை அடித்துவிட்டு, சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வர முயல்வார். அடித்த பந்து நேரே பறந்து களத்தின் எல்லையைக் கடந்து வீழுமாயின், அடித்தவர் தடையின்றிச் சுற்றி வரலாம். அதனை ஹோம் ரன் என்பர். நம் நாட்டில் கிரிக்கெட்டு ஆட்டத்திற்கு உள்ளது போன்ற பெருஞ்செல்வாக்கு அமெரிக்காவில் இவ்வாட்டத்திற்கு நெடுங்காலமாக உண்டு. ஆதலின், ஆட்டத்திற் சிறந்தவரின் உருவத்தைக் கையில் வைத்துப் போற்ற அந்நாட்டுச் சிறுவர் விரும்பியதில் வியப்பில்லை.

படச் சீட்டுகள் தோன்றிய வரலாறு அறியத் தக்கது. 1880-களில் அமெரிக்கச் சிகரெட்டு வணிகர், மெல்லிய தாளாலான தம் பெட்டிகள் நசுங்காதிருத்தற்பொருட்டு, ஒவ்வொன்றினுள்ளும் ஒரு தடித்த அட்டைத் துண்டை வைத்தனர். அவ்வட்டையை வெறுமையாக விடாது, பறவைகள், நாட்டுக் கொடிகள், நடிகையர், ஆட்டக்காரர் ஆகியோரின் படங்களை அதன்மேல் அச்சிட்டனர். ஒரு படம் கிடைத்தவர் அதன் வரிசையில் எஞ்சியவற்றையும் பெற விரும்புவர் அன்றோ? அவ்விருப்பம் வணிகத்தை வளர்த்தது. பின்னர் மிட்டாய் வணிகரும், அவரை அடுத்துச் சூயிங்கம் வணிகரும் இவ்வழியை மேற்கொண்டனர். புகையிலைக்குத் துணையாகப் பிறந்த சீட்டு, சிறுவர் வாயிலிடும் இனிப்புக்குத் துணையாயிற்று.

சேர்ப்பவரின் ஆர்வத்தை வணிகர் எங்ஙனம் பயன்படுத்தினர் என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 1933-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்துக் கௌடி என்னும் சூயிங்கம் நிறுவனம் 240 எண்கள் கொண்ட ஒரு வரிசையை வெளியிட்டது. அவ்வரிசையில் 106-ஆம் எண்ணுள்ள சீட்டு எவர்க்கும் கிடைக்கவில்லை. ஏனெனில், அந்நிறுவனம் அதனை அச்சிடவே இல்லை. விடுபட்ட ஒன்றைப் பெறும் ஆவலால் சிறுவர் மேன்மேலும் வாங்குவர் என்று கருதியே அவ்வாறு செய்தனர் என்பது பலர் துணிபு. சேர்ப்போர் முறையிட்டு மடல்கள் எழுதிய பின்னர், 1934-இல் நாப் லாஜவே என்னும் பழைய ஆட்டக்காரரின் படத்தை அவ்வெண்ணில் அச்சிட்டு, எழுதிக் கேட்டவர்க்கு அஞ்சல் வழி அனுப்பினர். அச்சீட்டு இன்று மிக அரிய பொருள்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது.

சீட்டுகளுள் பெரும்புகழ் வாய்ந்தது ஹானஸ் வாக்னர் என்பாரின் படமுடையது. அவர் பிட்சுபர்க் அணியின் தலைசிறந்த ஆட்டக்காரர். அமெரிக்கப் புகையிலை நிறுவனம் 1909 முதல் 1911 வரை வெளியிட்ட 500-க்கு மேற்பட்ட சீட்டுகளுள் அவர் படமும் ஒன்று. அஃது ஏறத்தாழ ஒன்றரை அங்குல அகலமே உடைய சிறு சீட்டு. ஆயினும், அவர் படத்தை அச்சிடுவது தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டது. தம் படத்தைப் பெறும் ஆசையால் சிறுவர் புகையிலை வாங்குவர் என்று அஞ்சி அவர் மறுத்தார் என்பர் சிலர். தமக்குரிய பொருளைக் கொடாமையால் மறுத்தார் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், வெளிப்பட்டவை மிகச் சிலவே. இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ 60. அவற்றுள் ஒன்று 2022-ஆம் ஆண்டில் 72 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலை போயிற்று.

அதே ஆண்டில் வேறொரு சீட்டு அவ்விலையையும் விஞ்சியது. அது டாப்ஸ் என்னும் சூயிங்கம் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட மிக்கி மான்டில் என்பாரின் சீட்டு. 1991-இல் 50,000 டாலருக்கு வாங்கப்பட்ட அச்சீட்டு, 2022-இல் 1 கோடியே 26 இலட்சம் டாலருக்கு ஏலத்தில் விற்கப்பட்டது. அது தோன்றிய காலத்தில் அதன் நிலை யாது? ஆட்டப் பருவம் முடியுந் தறுவாயில் கடைகளுக்கு வந்தமையால், அவ்வரிசையின் பிற்பகுதிச் சீட்டுகள் விற்கவில்லை. அவை பண்டகசாலையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. 1960-ஆம் ஆண்டில் நூற்றுக்கணக்கான பெட்டிகளை ஒரு படகில் ஏற்றிச் சென்று அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டதாக, அவ்வரிசையை உருவாக்கிய சை பெர்கர் என்பாரே பிற்காலத்தில் கூறியுள்ளார். அன்று குப்பையெனக் கடலில் எறியப்பட்டதன் உடன்பிறப்பே இன்று கோடி பெறுகின்றது.

இவ்விலைகளைக் கேட்ட மக்கள் யாது செய்தனர்? 1980-களின் பிற்பகுதியில், பழைய சீட்டுகள் பெரும்பொருள் தருதலைக் கண்டு, புதிய சீட்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி, பிரிக்காமலே அடுக்கி வைத்தனர். தம் மக்களின் கல்லூரிச் செலவுக்கு அவை உதவும் என்று நம்பிய பெற்றோரும் இருந்தனர். நிறுவனங்களும் அளவின்றி அச்சிட்டுக் குவித்தன. முடிவில், அக்காலத்துச் சீட்டுகளுள் பெரும்பாலானவை இன்று வாங்குவாரின்றிக் கிடக்கின்றன. காரணம் வெளிப்படை. பழைய சீட்டுகள் அரியவை ஆனமைக்கு, அவற்றை எவரும் பொருளாக எண்ணிப் பாதுகாவாமையே காரணம். சிறுவர் அவற்றைச் சட்டைப் பையில் திணித்தனர். சுவரில் எறிந்து விளையாடினர். வீட்டைத் தூய்மை செய்த அன்னையர் அவற்றைக் குப்பையில் இட்டனர். எல்லாரும் பாதுகாத்த பொருள் எங்ஙனம் அரிதாகும்?

ஆகவே, விலை என்பது ஒரு பொருளின் சிறப்பை அளக்கும் கோல் ஆகாது. எத்துணைப் பேர் அதனை விரும்புகின்றனர், எத்துணைப் படிகள் எஞ்சியுள்ளன என்பவற்றையே அது காட்டும். வாக்னரைப் போலவே சிறந்து ஆடிய பிறர் படங்கள் பல்லாயிரக்கணக்கில் அச்சிடப்பட்டமையால் எளிய விலைக்குக் கிடைக்கின்றன. அதனால் அவர்தம் ஆட்டம் தாழ்ந்தது என்று கூற எவரும் துணியார்.

இங்கே ஒரு தடை எழலாம். "விலை மிகுந்தமையால் அன்றோ பழஞ்சீட்டுகள் காக்கப்படுகின்றன? விலை இல்லையேல் எஞ்சியவையும் அழிந்திரா?" என்று சிலர் வினவுவர். இவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. பரண்களிற் கிடந்த பல பொருள்கள், அவற்றிற்கு விலையுண்டு என்று தெரிந்த பின்னரே வெளிச்சத்திற்கு வந்தன. எனினும், காக்கின்ற அவ்விலையே கெடுக்கவும் செய்கின்றது. முற்கூறிய வாக்னர் சீட்டுகளுள் மிகச் செவ்விய நிலையில் இருப்பதாகப் போற்றப்பட்டது ஒன்று. பழஞ்சீட்டுகளுக்குத் தரம் குறிக்கும் நிறுவனம் அதற்குப் பத்துக்கு எட்டு மதிப்பெண் அளித்திருந்தது. 2007-ஆம் ஆண்டில் அது 28 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அதன் ஓரங்களைத் தாமே நறுக்கிச் செவ்வையாக்கியதாக, முன்னர் அதனை வைத்திருந்த ஏல வணிகர் ஒருவர் 2013-இல் ஒப்புக்கொண்டார். தேய்ந்த ஓரம் விலையைக் குறைக்கும். ஆதலின் ஓரமே நறுக்கப்பட்டது. பழம்பொருளின் பழமையை அழித்து அதற்கு விலை தேடிய கொடுமை இது! ஒரு சிறுவன் கையிற் பட்டுத் தேய்ந்த மூலை, அச்சீட்டு எதற்காகப் பிறந்ததோ அதற்குப் பயன்பட்டமைக்குச் சான்றாகும். அச்சான்றைக் குறையென்று கருதும் சந்தையின் தீர்ப்பை நாமும் அப்படியே ஏற்றல் வேண்டுவதில்லை.

இனி, கையொப்பமிட்ட பந்தைப் பற்றிக் காண்போம். பேஸ்பால் பந்து, வெண்ணிறத் தோல் துண்டுகள் இரண்டினைச் சிவப்பு நூலால் கையினாலேயே தைத்துச் செய்யப்படுவது. அதில் 108 இரட்டைத் தையல்கள் உள்ளன. தையல்கள் நெருங்கி வரும் குறுகிய வெளியில் இடப்பட்ட கையொப்பத்தையே சேர்ப்போர் பெரிதும் விரும்புவர். சீட்டு ஆயிரக்கணக்கில் அச்சாகும் பொருள். கையொப்பமோ ஒருவர் தம் கையால் ஒருவர்க்கு எழுதித் தருவது. ஒரு சந்திப்பின் நினைவு அதில் தங்கியிருக்கின்றது.

பேப் ரூத் என்பவர் அமெரிக்க ஆட்டக்காரருள் ஈடற்ற புகழ் பெற்றவர். சிறுவர்க்குக் கையொப்பம் இடுவதில் அவர் சலிப்படைந்ததே இல்லை என்பர். 1926-ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜானி சில்வெஸ்டர் என்னும் 11 வயதுச் சிறுவன் நோயுற்றுப் படுக்கையில் இருந்தான். அப்பொழுது இறுதிப் போட்டித் தொடரில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு அணியினரும் கையொப்பமிட்ட பந்துகள் அவனை வந்தடைந்தன. அவனுக்காக ஒரு ஹோம் ரன் அடிப்பதாக ரூத் அதில் எழுதியிருந்தார். அத்தொடரின் நான்காம் ஆட்டத்தில் அவர் ஒன்றன்று, மூன்று ஹோம் ரன்கள் அடித்தார். அச்சிறுவன் நலம் பெற்று முதுமை வரை வாழ்ந்தான். அவன் நோயைச் செய்தித்தாள்கள் மிகைப்படுத்தின என்று கூறுவாரும் உளர். ஆயினும், அப்பந்து அச்சிறுவனுக்குத் தந்த மகிழ்ச்சியை ஐயுறுவார் இலர். கையொப்பத்தின் உண்மைப் பயன் அத்தகைய மகிழ்ச்சியே ஆகும்.

சந்திப்பின் நினைவாக இருந்த கையொப்பம் விற்பனைப் பொருளான பின்னர், போலிகள் பெருகின. ஆட்டக்காரரைக் காணாமலே அவர் பெயரை எழுதி விற்கும் கூட்டங்கள் தோன்றின. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் கலிபோர்னியா மாநிலத்தில் அத்தகைய பெருங்கூட்டம் ஒன்றைக் கண்டுபிடித்தனர். அவர்கள் கைப்பற்றிய போலிப் பொருள்களுள் அன்னை தெரசாவின் கையொப்பமிட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன! கல்கத்தா நகரின் தெருக்களில் நோயாளரைப் பேணிய அவ்வம்மையார்க்கும் இவ்வாட்டப் பந்திற்கும் யாது தொடர்பு? இவ்வெளிய வினாவையேனும் தம்முள் எழுப்பியவர் அப்பந்தை வாங்கியிரார். பெயரையும் விலையையும் மட்டும் கண்டவர், பொருளைக் காணத் தவறினர்.

போலியினின்றும் காப்பது பணமன்று; அறிவே. அதற்கு இரண்டு சான்றுகள் காண்க. அமெரிக்க ஆட்டக் கழகங்கள் இரண்டும் தத்தம் தலைவரின் பெயரை நெடுங்காலம் பந்துகளில் அச்சிட்டு வந்தன. ஜோ குரோனின் என்பவர் அவற்றுள் ஒன்றற்கு 1959-இல் தலைவரானார். பேப் ரூத் இறந்ததோ 1948-இல். ஆகவே, குரோனின் பெயர் அச்சிடப்பட்ட பந்தில் ரூத்தின் கையொப்பம் காணப்படின், அது போலி என்பதில் ஐயமில்லை. மற்றொன்று எழுதுகோலைப் பற்றியது. பந்துமுனைப் பேனா அமெரிக்கக் கடைகளில் 1945-ஆம் ஆண்டின் இறுதியில்தான் விற்பனைக்கு வந்தது. லூ கெரிக் என்னும் பேராட்டக்காரர் 1941-இலேயே மறைந்தார். பந்துமுனைப் பேனாவால் எழுதிய அவர் கையொப்பம் எங்ஙனம் உண்மையாகும்? இங்ஙனம் ஒரு சிறு பந்தை ஆராய்வதற்கு வரலாறு வேண்டும். தோல், மை ஆகியவற்றின் இயல்பு தெரிதல் வேண்டும். எழுத்தின் வடிவத்தைக் கூர்ந்து நோக்கும் பழக்கம் வேண்டும். பொருள் சேர்த்தல் கல்வியாக மலரும் இடம் இதுவே.

தொகுப்பில் இருப்பவற்றைக் காணும் கண் வேண்டும். இல்லாதவற்றைக் காணும் கண்ணும் வேண்டும். பழைய புகையிலைச் சீட்டுகளையும் சூயிங்கம் சீட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்ப்போமாயின், 1947-க்கு முற்பட்டவற்றில் கறுப்பின மக்களின் முகம் காண்பது மிக அரிது. அவருள் சிறந்த ஆட்டக்காரர் இல்லாமை அதற்குக் காரணம் அன்று. நிற வேற்றுமை பாராட்டிய பெருங்கழகங்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் தமக்கெனத் தனிக் கழகங்கள் அமைத்து ஆடினர். 1947-இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் ஆடி அத்தடையைத் தகர்த்தார். சாட்செல் பேஜ் என்னும் ஒப்பற்ற எறிவாளர் பெருங்கழகத்தில் நுழைந்தபோது அவர்க்கு வயது 42. ஜாஷ் கிப்சன் என்பார் அத்தடை தகர்வதற்குச் சில திங்களுக்கு முன்னரே இறந்தார். 2024-ஆம் ஆண்டில், கறுப்பினக் கழகங்களின் கணக்கும் பெருங்கழகங்களின் கணக்கோடு சேர்க்கப்பட்டபொழுது, மட்டையாட்டச் சராசரியில் எல்லாரினும் முதல்வராக நின்றவர் அக்கிப்சனே. பல்லாண்டுகள் பல்லாயிரம் படங்களை அச்சிட்ட நாடு, தலைசிறந்த அவரைத் தன் சீட்டு வரிசைகளில் இடம்பெறச் செய்யவில்லை. இவ்வுண்மையை எந்த விலைப்பட்டியலும் கூறாது. சிந்தித்துச் சேர்ப்பவனுக்கே அது புலனாகும்.

அத்தகைய சிந்தனையுடன் சேர்த்தவர் ஒருவரின் வாழ்க்கையை ஈண்டுக் கூறுதல் தகும். ஜெபர்சன் பர்டிக் என்பவர் நியூயார்க் மாநிலத்துச் சிராக்கியூஸ் நகரில் வாழ்ந்தவர். மின்கருவி உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பணி புரிந்தவர். செல்வர் அல்லர். கொடிய மூட்டுவாதம் அவர் கைகளை நெடுநாள் வருத்தியது. அவர் பேஸ்பால் சீட்டுகளோடு நில்லாது, வாழ்த்து மடல், விளம்பரத் தாள், அஞ்சலட்டை முதலிய அச்சுச் சீட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்தார். பிறர் பயனற்றவை என்று தள்ளியவற்றை வகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் எழுத்தும் எண்ணும் கொடுத்துப் பெரும்பட்டியல் நூலொன்றை இயற்றினார். வாக்னர் சீட்டு உள்ள வரிசையை டி 206 என்று இன்றும் உலகம் வழங்குவது அவர் இட்ட குறியீட்டாலேயே.

தம் தொகுப்பினை அவர் விற்கவில்லை. நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்திற்குக் கொடையாக அளித்தார். அதில் இருந்தவை 3,00,000-க்கு மேற்பட்ட பொருள்கள். அவற்றுள் பேஸ்பால் சீட்டுகள் மட்டும் 30,000-க்கு மேற்பட்டவை. அளித்ததோடும் அவர் பணி முடியவில்லை. பணியினின்றும் ஓய்வு பெற்ற பின் நியூயார்க் நகரிலேயே தங்கி, அருங்காட்சியகத்தில் நாள்தோறும் அமர்ந்து, நோயால் முடங்கிய விரல்களால் சீட்டுகளைத் தொகுப்பேடுகளில் முறைப்படி ஒட்டி வந்தார். 1963-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் அப்பெரும்பணி நிறைவெய்தியது. மறுநாளே மருத்துவமனை புகுந்தார். மார்ச்சுத் திங்களில் இயற்கை எய்தினார்.

பர்டிக் வாக்னரின் சீட்டையும் பிற சீட்டுகளைப் போலவே ஏட்டில் ஒட்டி வைத்தார். பசை பட்ட சீட்டின் விலை குறையும் என்று இன்றைய வணிகர் வருந்துவர். அவர் அப்பசையால் இழந்தது விலை. உலகம் பெற்றது சிதறாத ஒரு தொகுப்பு. ஓரத்தை நறுக்கியவரையும் பசையிட்டு ஒட்டியவரையும் ஒருங்கே எண்ணிப் பாருங்கள். இருவர் கையிலும் இருந்தது ஒரே வகைச் சீட்டு. ஒருவர்க்கு அது விலையாகத் தோன்றியது. மற்றவர்க்கு மக்கள் வாழ்க்கையைக் காட்டும் ஏட்டின் ஒரு பக்கமாகத் தோன்றியது.

மாணவர்களே! நீங்கள் எதனைச் சேர்ப்பினும் சேர்க்கலாம். அஞ்சல் தலையோ, பழங்காசோ, ஆட்டக்காரர் படமோ, பேருந்துச் சீட்டோ, எதுவாயினும் இழிந்ததன்று. ஆனால், ஒன்றைக் கையில் எடுக்கும்பொழுது, "இதன் விலை யாது?" என்னும் வினாவிற்கு முன்னர் வேறு சில வினாக்களை எழுப்புங்கள். இதனைச் செய்தவர் யார்? எதன்பொருட்டுச் செய்தனர்? இஃது எவர் கையில் இருந்தது? இவ்வரிசையில் இடம்பெறாதவர் யாவர்? இதனைப் பிறர்க்கு எவ்வாறு விளக்கிக் காட்டுவேன்? இவ்வினாக்களுக்கு விடை தேடி, அறிந்தவற்றை ஒரு குறிப்பேட்டில் நாளும் இடமும் இட்டு எழுதி வையுங்கள். அக்குறிப்பேடு வளருமாயின், உங்கள் பெட்டியில் உள்ளவை எவ்வளவு எளியனவாயினும், நீங்கள் மெய்யாகவே சேர்ப்பவர் ஆவீர். குறிப்பேடு வெறுமையாக இருக்கப் பெட்டி மட்டும் நிறையுமாயின், அது சரக்கறையே அன்றிப் பிறிதொன்றும் ஆகாது.